கேட்டவர்களுக்கு, கேட்டதைச் சொல்கிறேன்

டிசம்பர் பிறந்தால் எனக்கு இரண்டு வகைக் கடிதங்கள் வரும். "எந்த சபாவில் யார் கச்சேரிக்குப் போகலாம்?" என்பது ஒன்று. "இந்த ஆண்டின் நல்ல ஆல்பம் எது, நல்ல கவர் பாடல் எது?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இந்த இதழில் வேறு ஆள் இருக்கிறார்; எந்த சபா கேன்டீனில் எந்தக் கிழமை அடை என்பது வரை அவருக்கு அத்துப்படி. இரண்டாவது என் தலையில் விழுந்தது. 2024இல் என் காதில் தங்கியவற்றைச் சொல்கிறேன். பட்டியல் கேட்டவர்கள் மன்னிக்கவும், எனக்குப் பட்டியல் போடும் கை இல்லை.

கே: கவர் பாடல் என்றால் ரீமிக்ஸ்தானே? தமிழில் இதற்கு ஒரு சொல் கிடையாதா?
– வாசகர், ஈரோடு

ப: ரீமிக்ஸ் வேறு. அதில் பழைய ஒலிப்பதிவையே எடுத்து, வெட்டி ஒட்டி, அடியில் புதுத் தாளத்தை ஏற்றுவார்கள். கவர் பாடலில் சொல்லும் மெட்டும் மட்டுமே பழையவை; தொண்டையும் வாத்தியமும் புதியவை. தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் 'மறுபாடல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கவர் என்றே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

பெயர் தெரியாமலே இந்தத் தொழிலை நான் பதின்மூன்று ஆண்டுகள் செய்திருக்கிறேன். 1983 முதல் 1996 வரை திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, ஆலை ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். புதுப்படத்தின் கேசட் வந்த அன்று குழுத் தலைவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். பாட்டின் முகப்பிசையை நான்கு நொடி ஓடவிட்டு நிறுத்துவார். எழுதிக்கொள்வோம். பின்னால் சுற்றுவார். மறுபடியும் அதே நான்கு நொடி. சென்னையில் முப்பது வயலின்காரர்கள் உட்கார்ந்து வாசித்ததை என் வலது கை ஐந்து விரலும் சமாளித்தாக வேண்டும். நாடா நைந்து அறுந்தால் செலோடேப் போட்டு ஒட்டுவோம். ஒட்டிய இடத்தில் அரை நொடி பாட்டு காணாமல் போகும். அந்த அரை நொடியையும் சேர்த்தே ஒரு முறை நாங்கள் மனப்பாடம் செய்து மேடையில் வாசித்தோம். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

கச்சேரி முடிந்து யாராவது மேடைக்குப் பின்னால் வந்து, "அப்படியே கேசட்டில் கேட்ட மாதிரி இருந்தது" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றிரவு எங்களுக்குப் பரோட்டா இரண்டு கூடுதலாக இறங்கும். அதற்கு மேல் ஒரு பாராட்டு உண்டு என்றே தெரியாது. இன்று நான் தேடித்தேடிக் கேட்பதெல்லாம் 'அப்படியே' இல்லாத பாடல்களைத்தான். பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கே: சுற்றி வளைக்காமல் இந்த ஆண்டின் கவர் பாடல் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– வாசகி, கும்பகோணம்

ப: அமெரிக்கப் பாடகி பியான்சே பாடிய 'பிளாக்பேர்ட்'. மார்ச் 29ஆம் தேதி வந்த 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்தில் இரண்டாவது பாட்டு. இரண்டே நிமிடம்தான்.

மூலம் பிரிட்டனின் பீட்டில்ஸ் இசைக்குழுவுடையது. குழுவில் ஒருவரான பால் மெக்கார்ட்னி 1968 ஜூன் 11 அன்று லண்டனில் தனியாக உட்கார்ந்து, ஒரு கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு பதிவு செய்தார். கூட இருக்கும் 'டக் டக்' ஓசை தாள வாத்தியம் அல்ல, அவர் காலால் தரையைத் தட்டுவது. அந்தக் கிதார் நடைக்கும் ஒரு பாட்டனார் உண்டு. சிறுவயதில் அவரும் குழுத் தோழர் ஜார்ஜ் ஹாரிசனும் ஜெர்மானிய இசைமேதை பாஹின் ஒரு நடன இசையைக் கிதாரில் வாசித்துப் பழகினார்கள். அது சரியாக வராமல் திரிந்ததிலிருந்து பிறந்ததுதான் இது என்று மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். கேசட்டில் அரை நொடி விட்டுப்போனவர்கள் நாங்கள் மட்டும் இல்லை என்று ஒரு சின்ன ஆறுதல்.

பாட்டில் கறுப்புப் பறவை ஒன்று நள்ளிரவில் பாடுகிறது. உடைந்த சிறகோடு பறக்கக் கற்றுக்கொள்கிறது. பிரிட்டன் பேச்சுவழக்கில் பெண்ணைப் 'பறவை' என்பார்கள். 1957இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ராணுவக் காவலோடு நுழைய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியதாக மெக்கார்ட்னி சொல்லிவந்தார். நம்பினவர் உண்டு, நம்பாதவரும் உண்டு. வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் தனியாகப் பாடும்போது அது வெறும் பறவையாகவும் இருக்கலாம் அல்லவா?

பியான்சே என்ன செய்தார் தெரியுமா? மெக்கார்ட்னியின் அதே கிதாரை, அதே கால் தட்டலை, 1968இன் ஒலிநாடாவிலிருந்தே எடுத்துக்கொண்டார். அதன்மேல் தான் பாடி, டேனர் அடெல், பிரிட்னி ஸ்பென்சர், டியேரா கென்னடி, ரெய்னா ராபர்ட்ஸ் என்ற நான்கு பெண்களையும் சேர்த்துக்கொண்டார். நால்வருமே அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசை பாடுகிற கறுப்பினப் பெண்கள். அந்த இசை உலகம் அவர்களைப் போன்றவர்களுக்கு அவ்வளவு எளிதில் நாற்காலி போடுவதில்லை. ஐந்து குரலும் சேர்ந்து எழும்பும்போது பறவை யார் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. பாட்டு ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து உரியவர்களின் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. மெக்கார்ட்னியும் மகிழ்ச்சியாகவே வரவேற்றார்.

பழைய நாடாவை எடுத்துக்கொண்டதால் இது கவரா, ரீமிக்ஸா என்று ஈரோட்டுக்காரர் மடக்குவார். மடக்கட்டும். வாத்தியம் 'அப்படியே' இருக்க, பாட்டு அடியோடு மாறுகிறது. என் கொள்கைக்கே இது இடைஞ்சல்தான். ஆனாலும் முதலிடம் இதற்குத்தான்.

கே: 'ஃபாஸ்ட் கார்' பாட்டைப் பற்றி மூன்று இதழ்களில் எழுதிவிட்டீர்கள். அது போன ஆண்டுச் சரக்கு. ஒரு ஆண் பாடினால் அப்படி என்ன அதிசயம்?
– வாசகர், நாகர்கோவில்

ப: நான்காவது முறையும் எழுதத்தான் போகிறேன். கன்ட்ரி பாடகர் லூக் கோம்ஸ் பாடியது 2023இல் வந்தது என்பது உண்மை. ஆனால் பாட்டின் உச்சம் இந்த ஆண்டு பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவின் கிராமி இசை விருது மேடையில் நடந்தது. பாட்டை எழுதி முதலில் பாடிய பாடகி ட்ரேசி சாப்மன் பல ஆண்டுகளாக மேடைப் பக்கம் அதிகம் வராதவர். அன்று வந்தார். கிதாரில் அந்தச் சுர வளையத்தைத் தொடங்கியதும் அரங்கம் எழுந்து நின்றது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. பக்கத்தில் நின்ற கோம்ஸைக் கவனியுங்கள். அவர் பாட வேண்டிய வரி இல்லாதபோதும், சாப்மன் பாடுகிற ஒவ்வொரு சொல்லையும் ஓசையில்லாமல் வாயசைத்துக்கொண்டே இருக்கிறார், முன்வரிசையில் உட்கார்ந்த ரசிகனைப் போல. முடிந்ததும் அவரைப் பார்த்துத் தலை வணங்குகிறார்.

பாட்டு 1988இல் வந்தது. குடிகாரத் தகப்பனைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்ட ஒரு ஏழைப் பெண், வேகமான கார் வைத்திருக்கும் காதலனோடு ஊரை விட்டுப் போக நினைக்கிறாள். போகிறாள். கடையில் கணக்குப் போடும் வேலை கிடைக்கிறது. கடைசியில் காதலனும் இன்னொரு தகப்பனாகவே ஆகிறான். தன்னைக் 'கடைப் பெண்' என்று அவள் சொல்லிக்கொள்ளும் வரி ஒன்று உண்டு. கோம்ஸ் தாடி வைத்த, கனத்த உடம்புக்காரர். அந்தச் சொல்லை 'பையன்' என்று மாற்றியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாற்றவில்லை. தகப்பனோடு காரில் போகும்போது சிறுவனாகக் கேட்ட பாட்டு, அதைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. சாப்மன் பாடியபோது அமெரிக்கப் பட்டியலில் 6ஆம் இடம் வரை ஏறியது. கோம்ஸ் பாடியது 2ஆம் இடம். கன்ட்ரி இசைச் சங்கத்தின் 'ஆண்டின் சிறந்த பாடல்' விருது 2023 நவம்பரில் சாப்மனுக்குப் போனது. கறுப்பினத்தவர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

ஆண் பாடினால் என்ன என்று கேட்டீர்கள். அதே 1988இல் லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. எங்கள் பாடகி ஏறிய பஸ் வழியில் நின்றுவிட்டது. பழைய பாடல்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். மேடைக்கு வந்த துண்டுச்சீட்டுகளில் மூன்றில் ஒரே பாட்டு எழுதியிருந்தது. 1961இல் வந்த 'பாக்கியலட்சுமி' படத்தில் பி. சுசீலா பாடிய 'மாலைப் பொழுதின் மயக்கத்திலே'. இளம் விதவை தன் கனவைத் தோழியிடம் சொல்கிற பாட்டு. குழுத் தலைவர் கையைப் பிசைந்தார். தபேலா வாசிக்கும் அண்ணனுக்கு அப்போது அறுபது வயது இருக்கும். மேடையில் வாய் திறந்தே நாங்கள் பார்த்ததில்லை. தபேலாவை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஒன்றரைக் கட்டை சுருதி எடு, நான் பாடுகிறேன்" என்றார்.

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் 'தோழி' என்ற சொல்லைத் 'தோழா' என்று மாற்றவில்லை. குழைவெல்லாம் கிடையாது; கரகரத்த குரலில் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், அவ்வளவுதான். இரண்டாவது சரணத்தில் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையை வாய்க்குக் கொடுத்ததை நான் பார்த்தேன். முடிந்ததும் கைதட்டல் இல்லை. எங்கோ பலூன்காரன் ஊதும் பீப்பி சத்தம் மட்டும். அவருடைய மனைவி இறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அன்று யாரும் மேடைக்குப் பின்னால் வந்து "அப்படியே இருந்தது" என்று சொல்லவில்லை.

(ஒரு துணுக்கு: 1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் 70ஆம் பிறந்தநாள் கச்சேரி. பாடகர் ஸ்டீவி வொண்டரின் கருவிக்கு வேண்டிய ஒரு பாகம் காணாமல் போய், அவர் தன் நேரத்தில் பாடாமல் மேடையை விட்டு விலக, இடத்தை நிரப்பச் சாப்மனை மறுபடி மேடையேற்றினார்கள். ஒரே கிதாரோடு 'ஃபாஸ்ட் கார்' பாடினார், உலகம் அறிந்தது. மெக்கார்ட்னி கறுப்புப் பறவையைப் பதிவு செய்ததும் ஜூன் 11தான், சரியாக இருபது ஆண்டுகளுக்கு முன். இதனால் ஒரு பயனும் இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு இது கற்கண்டு.)

கே: யார் பாட்டை யார் வேண்டுமானாலும் பாடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?
– சட்டக் கல்லூரி மாணவர், சேலம்

ப: நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியது! 2012இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 31சி பிரிவைப் புரட்டுங்கள். முதல் ஒலிப்பதிவு செய்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை கவர் பதிவு கூடாது. அதன்பின் உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியைக் கட்டிவிட்டுச் செய்யலாம். கவர் என்று உறையில் தெளிவாக அச்சிட வேண்டும். ஒலிப்பதிவுக்குத் தொழில்நுட்பமாகத் தேவைப்பட்டால் ஒழிய, உரிமையாளரின் இசைவில்லாமல் பாட்டில் மாற்றமும் செய்யக் கூடாது. அதாவது சட்டத்துக்கும் 'அப்படியே'தான் பிடித்திருக்கிறது. எங்கள் குழுத் தலைவர் கேட்டிருந்தால் பூரித்துப்போயிருப்பார்.

கே: டாலி பார்ட்டனின் 'ஜோலீன்' பாட்டைப் பியான்சே கெடுத்துவிட்டார் என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: பாதி. கன்ட்ரி பாடகி டாலி பாடி 1973இல் வந்த மூலத்தில் ஒரு மனைவி, தன்னைவிட அழகான ஒருத்தியிடம் "என் புருஷனை எடுத்துக்கொண்டு போய்விடாதே" என்று கெஞ்சுகிறாள். வங்கி ஒன்றில் வேலை பார்த்த செம்பட்டை முடிக்காரி தன் கணவரிடம் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பேசியதில் பிறந்த பாட்டு என்று டாலி சொல்வார். பியான்சே கெஞ்சவில்லை, எச்சரிக்கிறார். சொற்களையும் மாற்றிவிட்டார். டாலிக்குக் குறையில்லை, ஆல்பத்தில் இந்தப் பாட்டுக்கு முன்னால் அவரே வந்து பேசுகிறார். எனக்குத்தான் குறை. அந்தப் பாட்டின் உயிரே கூச்சத்தை விட்டுக் கெஞ்சுவதில் இருக்கிறது. ஜோலீன் என்ற பெயரை நான்கு தடவை கூப்பிடும்போது குரல் ஏறுகிறதே, அது ஒரு சண்டைக்காரி கூப்பிடுகிற தோரணை இல்லை. எதிரியை மிரட்டி அனுப்பிவிட்டால் பிறகு பாட எதற்கு இரண்டாம் சரணம்?

கே: ஆல்பம்? அதைச் சொல்லவே இல்லையே!
– வாசகர், தென்காசி

ப: மூன்று. முதலாவது ஐம்பத்து மூன்று வயதான புது ஆல்பம்.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன் 1971 பிப்ரவரி 21 அன்று நியூயார்க் கார்னகி அரங்கில் வாசித்த கச்சேரி, இந்த ஆண்டுதான் முழுமையாக, முறையாக வெளிவந்தது. அன்றைய கச்சேரி யாருக்கு நிதி திரட்ட நடந்தது என்று நினைக்கிறீர்கள்? சுவாமி சச்சிதானந்தாவின் யோகா நிலையத்துக்கு. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைத் திருவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசியதும் இவர்தான். 1967இல் கணவர், சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் இறந்தபின் நான்கு குழந்தைகளோடு கலங்கி நின்ற ஆலிஸுக்கு இவர் குருவானார். கணவர் வாங்கச் சொல்லி வைத்திருந்த ஹார்ப் என்ற நரம்பு வாத்தியம், அவர் இறந்தபின்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்பார்கள். அதைத் தானே கற்றுக்கொண்டு வாசித்தார்.

கச்சேரியின் முதல் பாதியில் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. தாழ்ந்த சுரம் தரும் பேஸ் வாத்தியம் ஒன்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, செக்கு மாடு போலச் சுற்றிவருகிறது. தம்புரா இருக்கிறது, ஹார்மோனியம் இருக்கிறது. மேலே ஹார்ப் தண்ணீர் தெளிக்கிற மாதிரி. நம் வீட்டுப் பூஜை அறை வாடை அடிக்கிற ஜாஸ். இரண்டாம் பாதியில் கணவர் இயற்றிய 'ஆஃப்ரிகா', 'லியோ' இரண்டையும் எடுக்கிறார். கவர் பாடல் பற்றிக் கேட்கிறீர்களே, ஒரு விதவை கணவருடைய இசையை அவர் இல்லாத மேடையில், இரண்டு சாக்ஸபோன், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸோடு வாசிப்பதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? 'ஆஃப்ரிகா' மட்டும் அரை மணியை நெருங்குகிறது. ஃபேரோ சாண்டர்ஸும் ஆர்ச்சி ஷெப்பும் சாக்ஸபோனில் ஊதவில்லை, கத்துகிறார்கள். பத்தாவது நிமிடத்தில் என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, "பாட்டு எப்போது தொடங்கும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நீங்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

இரண்டாவது, பாடகி கானவ்யாவின் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்', நவம்பரில் வந்தது. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். ஜலதரங்கம் வாசித்த சீதா துரைசாமியின் பேத்தி. 2018இல் ஜாஸ் பாடல்களைத் தமிழில் பாடி ஓர் ஆல்பம் போட்டபோதே நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புது ஆல்பத்தை ஹூஸ்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டிவைத்துப் பதிவு செய்திருக்கிறார். ஜாஸ் உலகின் விஜய் ஐயர், எஸ்பெரான்சா ஸ்பால்டிங் எல்லாம் இருக்கிறார்கள். நடுவில் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' வருகிறது. மூலத்தைக் கோல்ட்ரேன் 1964 டிசம்பர் 9 அன்று ஒரே அமர்வில் பதிவு செய்தார். நான்கு சுரம் கொண்ட ஒரு சிறு சொற்றொடர், முதலில் பேஸில், பிறகு சாக்ஸபோனில், கடைசியில் வாய்விட்டு ஜபிக்கும் குரலாக வரும். கானவ்யா அந்த ஜபத்தைப் பிடித்துக்கொள்கிறார். சாக்ஸபோனின் பராக்கிரமத்தோடு போட்டி போடவில்லை. பஜனை மடத்தில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்வது போலப் போகிறது. அறுபதாம் ஆண்டில் அந்த நான்கு சுரத்துக்கு இப்படியொரு மரியாதை. மெதுவான ஆல்பம்தான், பஸ்ஸில் கேட்க உதவாது, விடியற்காலையில் கேளுங்கள்.

மூன்றாவது, பாடகி அரூஜ் அஃப்தாபின் 'நைட் ரெயின்'. லாகூரில் வளர்ந்து நியூயார்க்கில் வாழ்பவர். சிறு வயதில் லெனார்ட் கோஹனின் 'ஹல்லேலூயா'வைப் பாடிப் பதிவு செய்து, அது பாகிஸ்தானில் கைமாறிக் கைமாறிப் பரவியது. கவர் பாட்டில் பிழைக்கத் தொடங்கியவர், ஆகவே என் சாதி. இந்த ஆல்பத்தில் 'ஆட்டம் லீவ்ஸ்' என்ற பழைய பாட்டு உண்டு. ஜோசப் கோஸ்மா மெட்டமைத்து, பிரெஞ்சில் பிறந்து, ஆங்கிலத்துக்குப் போய், உலகத்து ஹோட்டல் பியானோக்காரர்கள் எல்லோரும் தேய்த்த தேய்ப்பில் பளபளத்துப்போன பாட்டு. நானே ஒரு வரவேற்பில் பாயசம் பரிமாறும் நேரத்தில் வாசித்திருக்கிறேன். அரூஜ் அதன் பளபளப்பைச் சுரண்டி எடுத்துவிட்டார். இருட்டு மட்டும் மிச்சம். இன்னொரு பாட்டில் ஹைதராபாத்தின் மஹ் லகா பாய் சந்தாவின் உருது வரிகள். 1824இல் மறைந்த கவிஞர், மௌலா அலி குன்றின் அடியில் சமாதி இருக்கிறது. மொழி தெரியாமல் கேட்டேன். தெரிந்தவர்கள் பொறாமைப்பட வைக்கிறார்கள்.

கே: மறைந்த பாடகர்களின் குரலைக் கணினியில் உருவாக்கிப் பாடவைக்கிறார்களே, இதுவும் கவர் பாடல்தானா?
– வாசகர், மதுரை

ப: இந்த ஆண்டு தமிழில் சில முறை நடந்தது, இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'லால் சலாம்' படத்தில் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலை ஏ.ஆர். ரஹ்மான் கொண்டுவந்தார், குடும்பத்தாரிடம் இசைவு பெற்றுப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரலை, 'தி கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் தம்பி யுவன் ஒலிக்கவைத்தார்.

இரண்டையும் ஒரே தராசில் போட எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் குரலை இன்னொரு தடவை கேட்க ஒரு தம்பி ஆசைப்படுவதை விமர்சிக்க நான் யார்? ஆனாலும் கேட்டபோது ஒன்று உறுத்தியது. பவதாரிணியின் குரலில் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். வரியின் கடைசிச் சொல்லை முழுதாக ஊன்றாமல் விட்டுவிடுவார். கணினிக் குரலில் நிறம் இருந்தது, அந்த விட்டுவிடுதல் இல்லை. இத்தகைய வேலையில் பெரும்பாலும் உயிரோடிருக்கும் ஒருவர் முதலில் பாடுகிறார். அவருடைய குரலின் நிறத்தை எடுத்துவிட்டு மறைந்தவரின் நிறத்தை ஏற்றுகிறார்கள். அந்த முதல் ஆள் யாரென்று நான் எப்போதும் யோசிப்பேன். நாங்கள் பதின்மூன்று ஆண்டுகள் மொட்டை மாடியில் உட்கார்ந்து எட்டிப்பிடிக்கப் பார்த்த 'அப்படியே' இதுதான். வந்துவிட்டது. பரோட்டா சாப்பிடத்தான் யாரும் இல்லை.

கே: 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', 'லப்பர் பந்து' படங்களில் பழைய இளையராஜா பாடல்களை அப்படியே போட்டு ஜெயித்துவிட்டார்கள். இதைக் கவர் கணக்கில் சேர்ப்பீர்களா?
– வாசகர், விழுப்புரம்

ப: மாட்டேன். 'குணா'வின் 1991 பாட்டும் 'பொன்மனச் செல்வன்' படத்தின் 1989 பாட்டும் அதே தொண்டையில் அதே ஒலிப்பதிவில் வந்தன. முதலாவதற்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீசும் போனது. ஆனால் குகையிலிருந்து நண்பனை மேலே இழுக்கும் இடத்தில் காதல் பாட்டு நட்புப் பாட்டாக மாறியதே, அந்த ஒரு கணத்துக்காக உங்கள் கட்சியில் சேரத் தோன்றுகிறது.

கே: நீங்கள் எந்தக் கருவியில் பாட்டுக் கேட்கிறீர்கள்? விலை உயர்ந்த ஸ்பீக்கரா?
– வாசகி, பட்டுக்கோட்டை

ப: கைப்பேசியில், மருமகள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஹெட்ஃபோனில். இடது காதில் சற்று ஒலி குறைவு. ஹெட்ஃபோனுக்கா எனக்கா என்று இன்னும் சோதிக்கவில்லை.

கே: 1989இல் எங்கள் ஊர்த் திருவிழாவில் உங்கள் குழுவைக் கேட்டிருக்கிறேன். நான் அனுப்பிய துண்டுச்சீட்டை நீங்கள் வாசிக்கவே இல்லை. மறுபடி மேடை ஏறுவீர்களா?
– வாசகர், முசிறி

ப: முப்பத்தைந்து ஆண்டுப் பாக்கியா! வருந்துகிறேன். சீட்டுகள் கீபோர்டுக்கு அடியில் ஒரு தட்டில் குவியும். கரண்ட் போனால் அவற்றைத்தான் விசிறியாக்குவோம், உங்களுடையதும் அப்படிப் போயிருக்கும்.

எங்கள் ஒன்பது பேரில் நான்கு பேர் மிச்சம். வரும் பொங்கலுக்கு எங்கள் தெருக்காரர்கள் பந்தல் போடுகிறார்கள், அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். தபேலா அண்ணனின் மகன் தபேலாவுக்கு வருகிறான். மார்கழிக் குளிரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்தது. ஆலிஸ் கோல்ட்ரேனின் அந்தச் செக்குமாட்டு வரியை இடது கையில் ஓடவிட்டு, அதன்மேல் 'மாலைப் பொழுதின் மயக்கத்திலே'வைப் பாடிப் பார்க்கலாம் என்று எனக்கொரு ஆசை. பேஸ் கிதார்க்காரர் பாடுவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தண்டவாளத்தில் உரசுகிற குரல். சிக்கல் வேறிடத்தில். அவர் ஒரு கட்டைக்கு இறக்கச் சொல்கிறார், பையனோ தபேலாவை ஒன்றரைக்குச் சேர்த்து வைத்திருக்கிறான், அதற்குக் கீழே தோல் தொங்கிவிடும் என்கிறான். ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறும் வசதி என் கீபோர்டில் இருக்கிறது. அந்தப் பொத்தான்தான் 1994இலிருந்து வேலை செய்வதில்லை.